நூற்று நான்கில் ஒரு துளை

ஆண்கள் நிறைந்த பட்டறையில் ஒரு பெண்ணின் சொல்லை நம்ப என்ன விலை? தெப்ராவில், அந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஸ்டீல் பட்டைகள். கைவசம் இருந்த கடைசி இரண்டு. இரும்புக்கடை திங்கட்கிழமைதான் திறக்கும். ஸ்கூடாய் மண்டபத்தில் கல்யாணமோ மாலை ஆறு மணிக்கு.

மணமேடையின் பின்சட்டம் முதல் நாளே அங்கே ஏறிவிட்டது. மேல்கம்பி எண்பது சென்டிமீட்டர், கீழ்கம்பி நூற்று இருபது, இரண்டும் இணை. மூலைக்கு மூலை, இருநூற்று அறுபது நீளத்தில் இரண்டு பட்டைகள். அவை குறுக்கிடும் இடத்தில் ஒரே போல்ட்.

காளிதாஸ் இருபது வருடமாகக் கேட் செய்பவர். கேட்டில் குறுக்குப் பட்டைகள் நட்டநடுவில்தான் சந்திக்கும். அதே பழக்கத்தில் முதலில் வெட்டிய இரண்டு பட்டைகளிலும் நூற்று முப்பதில் துளை போட்டு அனுப்பிவிட்டார். மதியம் அலங்காரக்காரி ஷாமளா போனில் கத்தினாள்: இரண்டு துளைகளும் ஒரு சாண் தள்ளி, கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி நிற்கின்றனவாம்.

"சட்டம் கோணல் லா," என்றார் காளிதாஸ்.

"சட்டம் நேராத்தான் இருக்குண்ணே. துளைதான் தப்பு," என்றாள் லோஷினி. பட்டறையில் பங்கு வாங்கி மூன்று மாதம். போன் எடுப்பதைத் தவிர வேறு வேலை அவளுக்கு விடப்படவில்லை.

"போய் அளந்துட்டு வரவா?" என்றார் காளிதாஸ்.

"ஸ்கூடாய் ஜாம்ல போயிட்டு வர்றதுக்குள்ள தாலியே ஏறிடும். மேல் மூலையிலேர்ந்து நூத்தி நாலுல போடுங்க."

"நூத்தி நாலா? பாசார்ல பேரமா பேசுற? அஞ்சுன்னு முடி."

அவள் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டாள். "மேல ஒரு முக்கோணம், கீழ ஒண்ணு. பட்டை வெட்டுற எடத்துல எதிரெதிர்க் கோணம் சமம். கம்பி ரெண்டும் இணை, அதனால மூலைக் கோணமும் சமம். அப்ப ரெண்டும் ஒரே சாடை, ஒண்ணு சிறுசு, ஒண்ணு பெருசு. எண்பதுக்கு நூத்தி இருபது, ரெண்டுக்கு மூணு. பட்டையும் அப்படித்தான் பிரியும். இருநூத்தி அறுபதை அஞ்சு பங்காக்கினா, மேல ரெண்டு பங்கு நூத்தி நாலு."

"தப்பாப் போச்சுன்னா?"

"போனோட கெடக்கேன். சரியாப் போச்சுன்னா, இனிமே அளவு குறிக்கிறது நான்."

காளிதாஸ் கடைசி இரண்டு பட்டைகளின் மேல் டிரில்லை இறக்கினார்.

ஐந்தேகாலுக்கு மண்டபத்தில் ஷாமளா மல்லிகைச் சரத்தோடு முறைத்தபடி நிற்க, போல்ட் இரண்டு துளைகளிலும் வழுக்கிக்கொண்டு போனது. சுத்தியலுக்கு வேலையே இல்லை.

"அலமாக்," என்று வியந்தார் காளிதாஸ். இருந்தும் மனம் கேட்கவில்லை. டேப்பை எடுத்து ஒருமுறை பிடித்துப் பார்த்தார். பிறகு டேப்பைச் சுருட்டி லோஷினியின் கையில் வைத்தார்.

மேலே நூற்று நான்கு. கீழே நூற்று ஐம்பத்தாறு. ஆக இருநூற்று அறுபது, மிச்சம் ஒன்றுமில்லை.