இல்லாத மீசை

குடும்பத்தில் அவனுக்குப் பெயர் பந்தா. வைத்தவர் அக்கா புருஷன். வைத்ததோடு விடாமல், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கமும் சொல்வார்: "பந்தான்னா வேற ஒண்ணுமில்ல. இல்லாத மீசைய முறுக்குறது." சொல்லிவிட்டு, இருக்கிற தன் மீசையை நீவிக்கொள்வார்.

ஏசி மெக்கானிக்கான அவனுக்கு ரோஷம் வரும். ஆனால் வாய் சொன்ன பேச்சைக் கேட்டால்தானே! "ஆஸ்பத்திரி பெரிய டாக்டரா? நம்ம ஆளு. என்னைக் கேக்காம ஏசி ரிமோட்டத் தொடமாட்டாரு" என்று போன மாதம் சாப்பாட்டுக்கு நடுவே அளந்துவிட்டிருந்தான். நடந்தது இவ்வளவுதான்: ஒருமுறை அந்த டாக்டர் அறையின் ஏசியைக் கழுவினான். டாக்டர் அன்று லீவு.

இப்போது மாமாவின் நெஞ்சைத் திறக்கப்போவது அதே டாக்டர்.

"உன் மாமாவ நல்லாப் பாக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லேன்டா" என்று அக்கா விடிந்ததிலிருந்து பிடுங்குகிறாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவள் கொஞ்சம் தள்ளிப் போன நேரம் பார்த்து, அவன் ஸ்ட்ரெச்சர் அருகே குனிந்தான். மயக்க மருந்து முகமூடி மாட்ட வசதியாக மாமாவின் மீசையைக் காலையில்தான் மழித்திருந்தார்கள். ஆள் யாரோ போலக் கிடந்தார்.

"மாமா, உண்மையச் சொல்லிடறேன். அந்த டாக்டருக்கு என்னை..."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும், வாய மூடு." மாமா அவன் மணிக்கட்டை இறுகப் பற்றினார். "உங்கக்கா நீ அளந்ததைப் பிடிச்சிக்கிட்டுத்தான் நிக்கிறா. வழக்கம்போல அள்ளி விடு மாப்ள. நானும் கேட்டுக்கிட்டே உள்ள போயிடறேன்."

அக்கா வந்து நின்றாள். வாழ்நாளில் முதல்முறையாக அவன் திக்கினான். "அது வந்துக்கா, டாக்டரு..."

டாக்டரே வந்துவிட்டார். அவன் பதறிப்போய் ஒரு வணக்கம் போட்டான். "சார், நான்தான் அந்த ஏசி..."

"யாருப்பா நீ? வழிய விடு."

கதவு அவர் பின்னால் ஆடி நின்றது. அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அவன் தரையைப் பார்த்தான்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு கனைப்பு. "பாத்தியாடி? நம்மகிட்டயெல்லாம் வாங்க போங்கன்னு பேசற மனுஷன், உன் தம்பிய மட்டும் எப்படி 'யாருப்பா நீ'ங்கறாரு! எவ்வளவு உரிமை!"

"அப்படியாங்க?" என்றாள் அக்கா, நம்பிவிடத் தயாராக.

வண்டியைத் தள்ளினார்கள். கதவுக்குள் மறையுமுன் மாமா, ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கி, மழித்த உதட்டின் மேல் ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டினார்.