அடிக்குறிப்பிலிருந்து வந்த பேராசிரியர்

நாற்பத்தோராவது முறை மேற்கோள் காட்டப்பட்ட அன்று, இல்லாத பேராசிரியர் ஒருவர் குடையும் கையுமாகத் துறைக்கு வந்து சேர்ந்தார். அவரை உண்டாக்கியவள், அங்கே ஆறு வருஷமாக ஈரச் சுவர்களை ஆராய்ந்துகொண்டிருந்த மாணவி. செங்கல் சுவரில் ஈரம் வருஷத்துக்கு நாலு அங்குலம் ஏறும் என்று அவள் முதல் கட்டுரையில் எழுதப்போக, நெறியாளர் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்டுவிட்டார். தேடித் தேடிக் கண் பூத்துப்போனவள், கடைசி நாள் அவசரத்தில் ஒரு பெயர், ஒரு தலைப்பு, ஒரு பக்க எண் என்று கைக்கு வந்ததை அடிக்குறிப்பில் போட்டுவிட்டாள். யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? ஒருவரும் பார்க்கவில்லைதான். அடுத்து வந்த பிள்ளைகள் அவள் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினார்கள். அவர்களிடமிருந்து மற்றவர்கள் ஒட்டினார்கள்.

வந்தவருக்கு லேசான தொப்பை, இடது காது கொஞ்சம் மந்தம். துறையில் காலியாக இருந்த ஒரே வேலை, அவள் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டுக் காத்திருந்த வேலை, ஒரே வாரத்தில் அவருக்குப் போயிற்று. அவளுக்கு வயிறு எரிந்தது. மானத்தை விட்டுத் துறைக் குழுவின் முன் போய், அவர் என் கற்பனை என்று சொல்லி அழுதாள். நெறியாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “சரிம்மா, அவர் இல்லைன்னு யாராவது எழுதியிருக்காங்களா? இருந்தா கொண்டா” என்றார். பேராசிரியர் இருக்கிறார் என்று தீர்மானம் நிறைவேறியது. அதே கூட்டத்தில், பொய் ஆதாரம் போட்டதற்காக அவளுடைய ஆராய்ச்சிப் பதிவையும் ரத்து செய்தார்கள். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை.

பேராசிரியர் நல்ல மனுஷர். அவளைத் தன் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். முதல் நாளே தயங்கித் தயங்கி, “எல்லாரும் என்னோட அந்தக் கட்டுரையப் பத்தியே பேசறாங்க. எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் வரல. நீ எழுதித் தர முடியுமாம்மா?” என்று கேட்டார். அவள் ஒரு வருஷம் சுவர் சுவராக அலைந்து அளந்து எழுதினாள். ஈரம் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. வாழ்நாளில் அவள் செய்த உருப்படியான வேலை அதுதான். அவர் அந்த இடத்தை மட்டும் அடித்துவிட்டு, நாற்பத்தோரு பேர் தப்பாகவா சொல்வார்கள் என்று நாலு அங்குலம் போட்டார்.

கட்டுரை அச்சான மாதத்திலிருந்து ஊரில் எல்லாச் சுவர்களிலும் ஈரம் நாலு அங்குலக் கணக்கில் ஏறத் தொடங்கியது. வருஷம் முடிந்ததும் அவளுடைய அம்மா தையல் டேப்பைக் கொண்டுவந்து கூடத்துச் சுவரை அளந்து பார்த்தாள். “எவ்வளவு படிச்ச மனுஷர் பாரு. நீயும்தான் ஆறு வருஷம் படிச்ச” என்றாள். மகள், ஆமாம்மா என்று டேப்பை வாங்கிச் சுருட்டி வைத்தாள்.