அப்டேட் வந்தா வரும்

கல்லறை மேட்டில் ஏறி, யாரோ ஒரு பெரியவரின் சிலுவைக் கல்லில் ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டு, அமலோற்பவம் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். முகம் வேர்வையில் பளபளத்தால் மகன் விடமாட்டான். இந்த வெயிலில் உனக்கு என்ன வேலை என்று அங்கிருந்தே கையை ஆட்டித் திட்டுவான். துடைத்துக்கொண்டு வீடியோ கால் ஆப்பைத் தொட்டாள். மகன் முகம் வரவில்லை. வெள்ளையாக ஒரு பலகை வந்தது, அதில் இங்கிலீஷில் நாலைந்து வரி, அடியில் ஒரு பட்டன். இந்தப் பலகை அவளுக்குப் புதிதல்ல. ரெண்டு மாசமாக அவ்வப்போது வந்து நிற்கும், பட்டனை அமுக்கினால் போய்விடும். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் யாரையும் கேட்டதில்லை. போய்விடுகிற பலகையைப் பற்றி என்ன கேட்பது? அன்றைக்கு அமுக்கினாள், போகவில்லை. மறுபடி அமுக்கினாள். பலகை அப்படியே நின்றது.

வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை எழும்புகிற இடத்தில் இருக்கிற ஊர் அது. ஊருக்குள் டவர் கிடையாது. கல்லறை மேட்டில் மட்டும் கிடைக்கும். அதனால் சாயங்காலமானால் பாதி ஊர் அங்கேதான் இருக்கும். பெங்களூரில் இருக்கும் புருஷனிடம் சண்டை போடுகிறவளும், காதலியிடம் கொஞ்சுகிறவனும் ஆளுக்கொரு கல்லறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் கத்துகிற கத்தில் உள்ளே படுத்திருக்கிறவர்கள் எழுந்து வராமல் இருப்பதே பெரிய விஷயம் என்று அமலோற்பவத்தின் புருஷன் சவரிமுத்து சொல்வான். அத்தனை கூச்சலுக்கு நடுவே சத்தமில்லாமல் பேசுகிற ஒரே ஆள் அமலோற்பவம்தான். மகன் மார்ட்டினுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தன் பேரை எழுத மட்டும் கற்றுக்கொண்டு வந்தான். ஊருக்கு அவன் ஊமை. அவளுக்கு அவன் வாயாடி. அவன் தவழ்ந்த நாளிலிருந்து இரண்டு பேரும் கையாலேயே ஒரு பேச்சை உண்டாக்கி வைத்திருந்தார்கள். சவரிமுத்துவுக்கு அதில் கால்வாசி தெரியும், மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

மார்ட்டினுக்கு போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. வடக்கே மத்தியப் பிரதேசத்தில் காடு காடாகச் சுற்றுகிற வண்டி. அந்த இரைச்சலில் காது கேட்கிறவனும் கையைத்தான் ஆட்டியாக வேண்டும், அங்கே நம்ம பையன் ராஜா என்று சவரிமுத்து கரும்பு வெட்டுகிற இடத்தில் பெருமையடித்துக்கொள்வான். முதல் சம்பளத்தில் மார்ட்டின் செய்த முதல் காரியம், அம்மாவுக்கு இந்த டச் ஃபோனை வாங்கிக் கொடுத்ததுதான். கள்ளக்குறிச்சியில் யாரோ வைத்திருந்து விற்ற பழைய ஃபோன். இருந்தால் என்ன? தினம் சாயங்காலம் மகன் அதில் வந்து உட்கார்ந்து, தின்ற சோற்றிலிருந்து மேனேஜரின் தொப்பை வரைக்கும் கையாலேயே கதை சொல்லிவிட்டுப் போவான்.

மறுநாளே அவள் பஸ் ஏறி கள்ளக்குறிச்சிக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செல்ஃபோன் கடை. கடைக்காரர் ஃபோனை வாங்கித் தேய்த்துப் பார்த்தார்.

"ஃபோனு நல்லாத்தான் கீதும்மா. உள்ள கீற வெர்ஷன்தான் பழசு. இந்த ஆப்பு இனிமே இதுல ஓடாது."

"முந்தாநாளு வரிக்கும் ஓடிச்சேப்பா."

"அத்தோட நிறுத்திட்டானுங்க."

"எவன் நிறுத்தனது? என் புள்ளைக்கு வேற இன்னா வழி?"

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள். கடைக்காரர் ஃபோனைத் திருப்பி நீட்டினார். "அப்டேட் எதுனா வந்தா வரும்மா. வேற ஃபோனு மாத்திக்கினாதான் நல்லது."

இரண்டு பேச்சு சொன்னார் அந்த மனுஷன். அமலோற்பவம் முதல் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். மகன் தன் கையால் கொடுத்த ஃபோன், அவன் கையால் அவள் படத்தைப் பிடித்து ஏற்றிக் கொடுத்த ஃபோன், அதைப் போய் மாற்றுவதாவது! அப்டேட் என்பதை அவள் சங்கராபுரம் பஸ் மாதிரி நினைத்துக்கொண்டாள். லேட்டாகும், கூட்டமாக இருக்கும், ஆனால் எப்படியும் வந்து சேரும். தினம் மேட்டுக்குப் போய், பக்கத்துக் கல்லறையில் உட்கார்ந்திருக்கும் கோகிலவாணியிடம் ஃபோனை நீட்டி "வந்துச்சா பாரு" என்பாள். "இது இனிமே வராதுக்கா" என்று அந்தப் பெண் முதல் நாளே சொன்னாள். மூன்றாம் நாள் பாவமாக இருக்கவே, "நாளைக்குப் பாக்கலாம்க்கா" என்று மாற்றிச் சொன்னாள்.

கோகிலவாணியின் ஃபோனிலிருந்து மகனுக்கு வீடியோ கால் போட்டுப் பார்க்காமல் இல்லை. வெட்டிவிட்டான். இன்னொருவர் ஃபோனில் போட்டார்கள், அதையும் வெட்டி, அந்த நம்பரையே அடைத்துவிட்டான். அமலோற்பவத்துக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. போன வருஷம் எவளோ ஒருத்தி தெரியாத நம்பரில் வீடியோவில் வந்து, இவன் முகத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு காசு கேட்டு மிரட்டி, பிள்ளை ரெண்டு நாள் சோறு தின்னாமல் அழுதான். அப்போது அவள்தான் அடித்துச் சொல்லியிருந்தாள்: என் படம் வந்தால் எடு, வேறு எது வந்தாலும் வெட்டு. "எம்புள்ள சொன்ன பேச்சு தட்டமாட்டான் பாத்தியா" என்று கோகிலவாணியிடம் பீற்றிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு வழி கிடைத்தது. சாதாரண கால் அந்த ஃபோனிலிருந்து இன்னமும் போகும். மகனுக்குக் கேட்காது, ஆனால் ஃபோன் அதிரும், அவள் படம் வரும். அவள் ஒரு மிஸ்டு கால் விடுவாள். கொஞ்ச நேரத்தில் அவன் ஒன்று விடுவான். நான் நல்லா கீறேன், நீ நல்லா கீறியா, அவ்வளவுதான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் இரண்டு பேருக்கும் அது புரிந்துபோயிற்று. முகத்தைப் பார்க்காத வயிற்றெரிச்சல் இருந்தாலும், அந்த ஒரு மணி அடித்தால் போதும், அவள் வீட்டுக்குப் போய் ஒழுங்காகச் சோறு தின்பாள். அப்டேட் வருகிற வரைக்கும் இது ஓடட்டும் என்று இருந்தாள்.

அதற்குள் சவரிமுத்து போய்விட்டான். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, உரித்துப் போட்ட கரும்புச் சோகைமேல் உட்கார்ந்தான், தண்ணி கேட்டான், தண்ணி வருகிறதற்குள் சாய்ந்துவிட்டான். வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சி போகிற வழியிலேயே எல்லாம் முடிந்திருந்தது.

அவள் மாரிலடித்துக்கொண்டு அழுதது கொஞ்ச நேரம்தான். அப்புறம் எழுந்து மேட்டுக்கு ஓடினாள். பெற்ற தகப்பன் முகத்தைப் பிள்ளை பார்க்க வேண்டும். ஒரே பிள்ளை. மகனுக்குப் போட்டாள். ரிங் போய் நின்றது. உடனே அவனிடமிருந்து ஒரு மிஸ்டு கால். மறுபடி போட்டாள். மறுபடி ஒன்று. "எடுத்து வச்சிக்கினு பாருடா, அப்பன் பூட்டான்டா" என்று ஃபோனுக்குள் கத்தினாள். கத்தி என்ன? அவள் விட விட அவனும் விட்டான். அம்மாவுக்கு இன்றைக்கு என்ன இவ்வளவு குஷி என்று அங்கே எந்தக் காட்டிலோ உட்கார்ந்து சிரித்திருப்பான். அது தெரிந்ததும் அவள் கல்லறைமேல் தலையை மோதிக்கொண்டாள். மூன்று பெண்கள் சேர்ந்து பிடித்து இழுத்து வந்தார்கள்.

ரிக் மேனேஜர் நம்பருக்கு சவரிமுத்துவின் தம்பி மரியதாஸ் மேட்டில் நின்று போட்டான். இந்தியில் ஒரு பொம்பளை ஏதோ சொன்னாள், அத்தோடு சரி. சொந்தக்காரர்கள் ஆளாளுக்குத் தங்கள் ஃபோனிலிருந்து மார்ட்டினுக்கு வீடியோ கால் போட்டார்கள். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை அத்தனையையும் வெட்டினான். தான் கட்டிய வேலியில் தானே மாட்டிக்கொண்ட மாதிரி அமலோற்பவம் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யார் வந்து கட்டிப்பிடித்தாலும், "நான்தான் வெட்டச் சொன்னேன், நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றாள். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் மதியம் மரியதாஸின் மகள் ஜெனிபர் வந்தாள். சென்னையில் துணிக்கடையில் வேலை. பெரியப்பாவைப் பார்த்து அழுது முடித்துவிட்டு, விஷயத்தைக் கேட்டாள். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பெரிம்மா, உன் சிம்ம கழட்டி என் ஃபோன்ல போட்டா முடிஞ்சிபூடும். உன் நம்பருக்குத்தான் அந்த ஆப்பு. உன் படமேதான் அவனுக்கு வரும்."

அமலோற்பவம் அவளையே பார்த்தாள். "இவ்ளோதானா? இத்தினி நாளா இவ்ளோதானா?" என்று கேட்டாள். ஜெனிபர் காதிலிருந்த தோட்டின் முனையால் சிம்மை நெம்பி எடுத்து மாற்றினாள். ஆனால் ஆப் திறக்க ஆறு இலக்கத்தில் ஒரு கோடு வர வேண்டும், அது மெசேஜில் வரும், மெசேஜ் வர டவர் வேண்டும். அதற்குள் வாசலில் பறை முழங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு ராத்திரி வைத்தாயிற்று, கரண்ட் விட்டு விட்டு வந்ததில் ஐஸ் பெட்டியும் சரியாக வேலை செய்யவில்லை, இனி தாங்காது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எப்படியும் மேட்டுக்குத்தானே போகிறோம், அங்கே டவர் கிடைக்கும் என்றான் மரியதாஸ். மேட்டுக்குப் பெண்கள் வருகிற வழக்கமில்லை என்று ஒருவர் இழுத்தார். "தெனம் ஃபோன் பேச மட்டும் வர்லாமா?" என்று ஜெனிபர் கேட்டதும் அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

குழி வெட்டித் தயாராக இருந்தது. சவப்பெட்டியைப் பக்கத்தில் இறக்கி, மூடாமல் வைத்தார்கள். உபதேசியார் ஜெபத்தை எடுத்தார். ஜெனிபர் ஃபோனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேட்டைச் சுற்றி வந்தாள். ஜெபம் பாதியில் இருக்கும்போது, "வந்துட்ச்சி பெரிம்மா, கோடு வந்துட்ச்சி!" என்று கத்தினாள். உபதேசியார் நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவள் அவசர அவசரமாக எண்ணை அடித்து, மகன் பேரைத் தொட்டு, ஃபோனை அமலோற்பவத்தின் கையில் திணித்தாள்.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டான்.

தலையில் மஞ்சள் தொப்பி, கன்னமெல்லாம் போர்வெல் சேறு. அம்மா முகத்தைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். உடனே கோபித்துக்கொண்டான். எங்கே போனாய், ஏன் முகத்தைக் காட்டவில்லை, நேற்று எதற்கு அத்தனை மணி? கை நிற்காமல் ஓடியது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மேலுதட்டில் விரலை வைத்து மீசையை முறுக்கினான். அப்பன் எங்கே?

அமலோற்பவம் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. இருபத்திரண்டு வருஷமாக அம்மாவும் பிள்ளையும் உண்டாக்கிய பேச்சில் இதற்கு மட்டும் கை இல்லை. கோழி அறுத்தால் காட்ட ஒன்று உண்டு, கழுத்தில் விரலை இழுப்பது. அதையா அந்த மனுஷனுக்குக் காட்டுவாள்? அவன் மறுபடி மீசையை முறுக்கினான், இந்தத் தடவை வேகமாக. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஃபோனை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே திருப்பி, பெட்டிக்கு மேலே நீட்டினாள். கேமராவைத் திருப்ப அதில் ஒரு பட்டன் இருக்கிறது என்று ஜெனிபர் வாயைத் திறப்பதற்குள் திருப்பிவிட்டாள்.

இப்போது மகன் முகம் தகப்பன் பக்கம் இருந்தது. அமலோற்பவத்தின் முன்னால் இருந்தது ஃபோனின் முதுகு.

ஃபோனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மார்ட்டினின் தொண்டையிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. பெட்டியைக் குழிக்குள் இறக்கக் கயிறு பிடித்திருந்தவர்களில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கையை இறக்கவில்லை. இறக்கினால் பிள்ளைக்கு அப்பன் மறைந்துவிடுவான். திருப்பினாலும் மறைந்துவிடுவான்.

பெட்டிக்கு அந்தப் பக்கம் மரியதாஸ் நின்றிருந்தான். அவனுக்குத் திரை நன்றாகத் தெரிந்தது.

"அண்ணி," என்றான். "புள்ள கையால இன்னாமோ சொல்றான். தெரும்பத் தெரும்ப ஒண்ணயே சொல்றான். எனக்கு ஒண்ணும் வெளங்கலியே அண்ணி."

"அவன் செய்ற மாதிரியே செஞ்சி காட்டு," என்றாள் அமலோற்பவம்.

மரியதாஸ் தோள் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, திரையைப் பார்த்துப் பார்த்துத் தன் முரட்டுக் கையால் செய்தான். உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து, காற்றை மெல்ல இரண்டு தரம் அமுக்கினான். அப்புறம் இடது கையை நீட்டி, அதன்மேல் வலது கையின் இரண்டு விரல்களை நடக்கவிட்டான். வேகமாக நடக்கவிட்டான். பிறகு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். மறுபடி உள்ளங்கை.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னா சொல்றான் அண்ணி?"

"அப்பன இருக்கச் சொல்றான்," என்றாள். "இரு, வந்துடறேன்றான்."

அங்கிருந்து ரயிலேறினால் வந்து சேர மூன்றாம் நாளாகிவிடும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. உபதேசியார் புத்தகத்தை மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் விரலை உள்ளே வைத்துக்கொண்டு நின்றார். கயிறு பிடித்தவர்கள் மரியதாஸைப் பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. திரையில் மகன் கை போகப் போக இவன் கையும் போய்க்கொண்டே இருந்தது. உள்ளங்கை கீழே, இரண்டு விரல் நடை. உள்ளங்கை கீழே, இரண்டு விரல் நடை.