சீட்டோடு ஒரு படம்

எங்கள் பத்திரிகையில் சூதாடி என்றால் கையில் சீட்டு இருந்தாக வேண்டும். திருடனைக்கூட முகத்தை மூடிக்கொள்ள விட்டுவிடுவோம். சூதாடிக்கு மட்டும் இருட்டில் பாதி முகம், முன்னால் விரித்துப் பிடித்த சீட்டு. பதினாறு வருடமாக அப்படித்தான் படம் எடுத்துத் தள்ளியிருக்கிறேன். அதனால், சூதை விட்டொழித்த தையல்காரர் ஒருவரைப் பற்றி ஞாயிறு மலரில் கட்டுரை வருகிறது, போய்ப் படம் எடுத்து வா என்றதும், வழியில் ஒரு கடையில் புதுச் சீட்டுக்கட்டு வாங்கிக்கொண்டேன். ரொம்பப் புத்திசாலி என்று நினைப்பு வேறு.

இரண்டு தையல் மிஷினுக்கு மேல் இடமில்லாத கடை. ஒன்றில் அவர், இன்னொன்றில் அவருடைய அக்கா. அவர் பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். நாலைந்து படம் எடுத்தேன். அதில் சூதாடியே இல்லை, யாரோ ஒரு தையல்காரர்தான் இருந்தார்.

"சார், சும்மா ஒரு போஸ்தான். இதக் கையில வெச்சுக்கோங்க," என்று சீட்டுக்கட்டை நீட்டினேன்.

அக்காவின் மிஷின் நின்றது. "அவன் அதத் தொட்டு நாலு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சுப்பா. உனக்கு வேற எதுவுமே கிடைக்கலியா?"

"விளையாடவா சொல்றேன்க்கா? ஒரே நிமிஷம்."

வீடு தேடி வந்தவனிடம் முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷன். வாங்கிக்கொண்டார்.

கட்டைப் பிரித்ததுதான் தெரியும். சீட்டுகள் ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தண்ணீர் மாதிரி இறங்கின, ஏறின, இரண்டாகப் பிரிந்து ஒன்றாகச் சேர்ந்தன. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியோர் அழகை நான் கேமராவில் பிடித்ததே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு எடுத்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் முகத்தைக் கவனித்தேன். வேர்த்துக் கொட்டியது. உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

"போதும் சார்," என்றேன். கை நிற்கவில்லை.

அக்கா எழுந்து வந்தாள். பிடுங்கவில்லை. அவர் முன்னால் மண்டியிட்டு வெறும் உள்ளங்கையை நீட்டினாள். "குடுடா."

கை நின்றது. ஆனால் விரல் பிரியவில்லை. கட்டை மொத்தமாகக் கொடுக்க அவரால் முடியவில்லை, ஒவ்வொரு சீட்டாகத்தான் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் அவருக்கு மூச்சு வாங்கியது. அக்கா அவசரப்படுத்தவே இல்லை. வெள்ளம், தீ விபத்து எல்லாம் படமெடுத்தவன் நான். ஒரு மனிதன் தன்னோடு தானே இப்படி மல்லுக்கட்டி ஜெயிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைத் தொட எனக்குத் தைரியமில்லை.

கடைசிச் சீட்டும் போன பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, கட்டுரையில எவ்வளவு நாள்னு எழுதியிருக்காங்க?"

"நாலு வருஷம் ரெண்டு மாசம்னு."

"அத மாத்தச் சொல்லுங்க. தொட்டுட்டேன்ல? நாளைக்குத்தான் முதல் நாள்."

"சார், அது என் தப்பு. தயவுசெஞ்சு அதச் சேக்காதீங்க."

"தப்பு உங்களோடதுதான். கை என்னோடதாச்சே." மிஷினில் காலரைச் சரிசெய்து வைத்தார். "மறக்காம மாத்திடுங்க. பேப்பர்ல பொய் வரக்கூடாதில்ல?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.