ஏலக்கூடத்து மைக்

எங்கள் ஆய்வகத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் இரண்டே பேர். பிரிவுக்குப் பொறுப்பு நான், பிரகதாம்பாள். கேமராவுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் பொறுப்பு ஆவூர்க்காரன் பிராங்க்ளின். எங்கள் வேலையை மதிப்பிட வெளியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள் என்றதும், இயக்குநர் ரகுநாத் முதலில் கவலைப்பட்டது பொன்னாடைக்கு. பிறகு பேனருக்கு. வருகிறவர்களும் வேறு ஆய்வகங்களில் இதே வேலை பார்ப்பவர்கள்தான், பொன்னாடைக்கெல்லாம் மயங்க மாட்டார்கள் என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அவங்க எழுதுற அறிக்கையைப் பாத்துத்தான் ஒங்க பிரிவு இருக்கணுமா, இல்ல வேலையைச் சென்னை ஏஜென்சிக்குக் குடுக்கலாமான்னு மேல முடிவு பண்ணுவாங்க. ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

மறந்தால்தானே? பிராங்க்ளினுக்குப் போன மாதம்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மணமேல்குடிப் பக்கம் கடலில் சில நாட்களில் சொறி, அதாவது ஜெல்லிமீன், திரண்டுவிடும். மீனுக்குப் பதிலாகக் கூழ்போல இந்த உயிர்தான் வலை நிறைய ஏறும். கை பட்டால் அரிப்பு, இழுத்தால் வலை கிழியும். அது எந்தப் பக்கம் திரளும் என்று எங்கள் விஞ்ஞானிகள் கணிப்பார்கள். காலையில் மீன் ஏலம் தொடங்கும் முன்னால் ஏலக்கூடத்து மைக்கில் அதை நான் வாசிப்பேன். கணிப்பு பொய்த்துவிட்டால், மறுநாள் அதே மைக்கில் "நேத்துச் சொன்னது தப்பு. சொன்னது நாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் புதுக் கணிப்பு. இதற்கு உத்தரவு எதுவும் கிடையாது. நானும் பிராங்க்ளினும் வைத்துக்கொண்ட வழக்கம். இயக்குநருக்கோ அது வேப்பங்காய்.

மூன்று பேரும் வந்து இறங்கிய அன்று பார்த்து எங்கள் கணிப்பு கவிழ்ந்தது. வடக்கே போகாதீர்கள் என்று காலையில் சொல்லியிருந்தோம். எங்கள் பேச்சைக் கேட்டுத் தெற்கே போனவர்கள் சாயங்காலம் சொறி அப்பிய வலைகளோடு திரும்பினார்கள். சேதி இயக்குநருக்கும் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு மைக் பக்கமே போகாதீங்க. வந்தவங்களை விடிகாலையில குடுமியான்மலைக்கு அனுப்புறேன். இசைக் கல்வெட்டைப் பாத்துட்டு மத்தியானம் வரட்டும்."

"அப்ப தப்புன்னு எப்ப சார் சொல்றது?"

"அவங்க ஊருக்குப் போனப்பறம் சொல்லுங்க. இல்ல, சொல்லாமலே விடுங்க. மீன்காரங்களா அறிக்கை எழுதப் போறாங்க?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுத மாட்டார்கள், சரி. அடுத்த தடவை நாங்கள் பேசினால் காது கொடுப்பார்களா? வலை கிழிந்தவன் முகத்தைப் பார்க்கத் துப்பில்லாத ஆய்வகத்துக்குத் தகவல் தொடர்புப் பிரிவு ஒரு கேடா? அதற்கு ஏஜென்சியே போதும்.

விடிகாலையில் விருந்தினர் விடுதி வாசலில் கார் தயாராக நின்றது. மூவரில் மூத்தவர் அருணா, பெங்களூரில் வேலை, சொந்த ஊர் கோயம்புத்தூர். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அவரிடம் நேராகவே சொன்னேன்.

"மேடம், கல்வெட்டு நாளைக்கும் அங்கனதான் இருக்கும். நேத்து நாங்க சொன்னதைக் கேட்டு ஊரு ஏமாந்து போச்சு. அதை மைக்ல சொல்லப் போறேன். நல்லாத் திட்டு விழும். எங்க வேலையைப் பாக்கத்தான் வந்தீங்கன்னா இங்கிட்டு வாங்க."

அருணா மற்ற இருவரையும் பார்த்தார். பிறகு காரிலிருந்து இறங்கினார். அவர்களும் இறங்கினார்கள்.

"அக்கா, நம்ம சோலி முடிஞ்சது" என்றான் பிராங்க்ளின் காதோரமாக.

"முடிஞ்சா முடியட்டும். கேமராவை எடு."

ஏலக்கூடத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, பொன்னுத்தாய் முன்னால் வந்துவிட்டார். தெற்கே போன படகுகளில் அவர் வீட்டுக்காரருடையதும் ஒன்று.

"எங்க வலையக் கொண்டாந்து ஒங்க ஆபீசுல போடவா? நீங்களே உக்காந்து சொறியப் பொறுக்குங்க."

"கொண்டாந்து போடுங்க ஆத்தா. பொறுக்குறோம்."

"வாயி மட்டும் கொறச்சலில்ல" என்றார். இன்னும் நாலு பேர் அவரவர் பங்குக்குத் திட்டித் தீர்த்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசியில் பொன்னுத்தாயே கேட்டார். "சரி, இன்னிக்கு எங்கிட்டுப் போறது? அதச் சொல்லு."

அருணா அதைக் குறித்துக்கொண்டார்.

மத்தியானம் நிறைவுக் கூட்டம். மேசையில் பொன்னாடைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. "அவ்வளவு திட்டிட்டு, இன்னிக்கு எங்க போறதுன்னும் உங்களைத்தான் கேட்டாங்க. எங்க லேப்ல யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை. இது யாரோட ஏற்பாடு?" என்று கேட்டார் அருணா.

நான் வாயைத் திறக்குமுன் ரகுநாத் சிரித்த முகமாக முந்திக்கொண்டார். "அது எங்க நிறுவனத்தோட கொள்கைங்க. ஆரம்பத்துலேருந்து நான் வற்புறுத்திட்டு வாரது."

அருணா எழுதத் தொடங்கினார். பிராங்க்ளின் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். எனக்கா புரியாது? பேசாமல் இருந்தால் பிரிவு பிழைத்தது, அவன் கல்யாணமும் நல்லபடியாக நடக்கும். ஆனால் இவர்கள் ஊருக்குப் போன மறுநாளே இந்த மனிதர் மைக்கைப் பிடுங்குவார். நான் எழுந்தேன்.

"ஒரு திருத்தம். சார் இப்ப சொன்னது தப்பு. இன்னிக்கு மைக் பக்கமே போகக்கூடாதுன்னு சொன்னது சார்தான். அதுக்குத்தான் ஒங்களுக்குக் குடுமியான்மலை."

ரகுநாத்தின் முகம் கறுத்துப்போனது. இனி எனக்கு என்ன போச்சு?

"கொள்கைன்னே எழுதிக்குங்க மேடம். கணிப்பு பொய்க்கிற அன்னிக்கு இயக்குநரே வந்து மைக்ல சொல்லணும்னும் சேத்து எழுதிக்குங்க."

"சேர்த்துக்கறேன்" என்றார் அருணா. இயக்குநரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அறிக்கையில் அந்த வரி இருந்தது. மேலிடமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. எங்கள் பிரிவும் தப்பியது.

அடுத்த தடவை கணிப்பு பொய்த்தபோது, மறுநாள் விடிந்ததும் ரகுநாத் ஏலக்கூடத்துக்கு வந்தார். அதற்கும் இஸ்திரி போட்ட சட்டைதான். மைக்கை நீட்டினேன்.

"நேத்துச் சொன்னது தப்பு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டு, போதுமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"சொன்னது யாரு?" என்றார் பொன்னுத்தாய்.

ரகுநாத் மைக்கை என் பக்கம் நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.