அப்பாவின் தலைமாட்டுச் சுவர்

"எட்டாவதோட நின்னவளுக்கு இன்வெர்ட்டருக்கு முகம் எது, முதுகு எதுன்னாவது தெரியுமா?"

போன வாரம் அக்கா புருஷன் இப்படிக் கேட்டபோது வீடே சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு பேர் கூடிவிட்டால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மௌனசாமி என்று அத்தான் பேரே வைத்திருந்தார்.

மாடியில் சோலார் பலகைகள் ஏறிவிட்டன. பேட்டரியும் இன்வெர்ட்டரும்தான் பாக்கி. அவற்றை மாட்ட, வெயிலும் ஈரமும் படாத சுவர் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் தலைமாட்டுச் சுவர். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக அப்பா படுத்த படுக்கை. காற்று மெத்தையின் பம்பு நின்றால் முதுகு புண்ணாகிவிடும். அந்தப் பம்புக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

இன்வெர்ட்டரை, சோலார் மாட்டும் தொழில் செய்யும் அத்தானே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், சீல் குத்திய பாதுகாப்புச் சான்றிதழோடு. எல்லாரும் சீலைப் பார்த்தார்கள். அவள் பெட்டியைத் திருப்பி மாடல் எண்ணைப் பார்த்தாள். சான்றிதழில் இருந்தது வேறு எண்.

சான்றிதழ் கொடுத்த பரிசோதனைக்கூடத்துக்குப் போன் போட்டு மூன்று முறை துண்டித்தாள். பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு, நாலாவது முறை அப்படியே வாசித்தாள்.

"இந்தச் சான்றிதழ் பேட்டரி சேராத மாடலுக்கும்மா," என்றாள் எதிர்முனைப் பெண். "நீங்க சொல்றது எங்ககிட்ட டெஸ்டுக்கே வரல."

மறுநாள் காலை அத்தான் டிரில் மெஷினோடு வந்தார்.

"கொஞ்சம் தள்ளு, மௌனசாமி."

அவள் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்.

"இது வேண்டாம் அத்தான். இதுக்குச் சான்றிதழ் இல்ல."

"பார்றா, சாமி வாயத் தொறந்துடுச்சு! அப்ப நான் குடுத்தது என்ன, கல்யாணப் பத்திரிகையா?"

"அது இதோட அண்ணனுக்குக் குடுத்தது. அண்ணன் பாஸானா தம்பியும் பாஸா? போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

அத்தானின் சிரிப்பு நின்றது. "முப்பது வீட்ல மாட்டியிருக்கேன். ஒண்ணு எரிஞ்சுதா?"

"எரிஞ்சா அவங்க எந்திரிச்சு ஓடுவாங்க. அப்பா ஓடுவாரா?"

வாசற்படியில் நின்ற அம்மா பதறினாள். "அடியே, மாப்பிள்ளைகிட்ட பேசுற பேச்சா இது? உங்கக்கா அந்த வீட்ல வாழணும்டி."

"வாழட்டும்மா. அப்பாவும் வாழணும்."

அவள் முதுகு சுவரை விடவில்லை.

"பேட்டரியோட சேத்து டெஸ்ட் பண்ணினது ஒண்ணு கடையில பாத்துட்டேன். சான்றிதழ்லயும் பெட்டியிலயும் ஒரே நம்பர். வர மூணு வாரமாகும். அதுவரைக்கும் கரண்ட் போனா அப்பாவ நானே புரட்டிப் படுக்க வைக்கிறேன். எத்தன தடவைன்னாலும் சரி. இந்தச் சுவத்துல இது ஏறாது."

அத்தான் மாமனாரைப் பார்த்தார். அப்பா இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் டிரில்லின் வயரைச் சுற்றினார். இன்வெர்ட்டர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மாமியாரிடம் 'வர்றேன்' என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.