என் சேவலின் ரத்தம்

கொழும்பில் ரத்தம் சோதிக்கிற இடத்திலிருந்து வந்த காகிதத்தில் ரத்தம் என்று எழுதியிருந்ததாம். என் புருஷன் அழகுமுத்துவின் கவ்வாத்துக் கத்தியில் ரத்தம். ஆளைத் தூக்கில் போட அது போதுமாம். நுவரெலியா நீதிமன்றத்தில் பொலிஸ் சார்ஜன் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தம்தான்யா! யார் இல்லை என்றது? நான் வளர்த்த செவலைச் சேவலின் ரத்தம்!

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முந்தின நாள், எங்கள் கந்தப்பளைத் தோட்டத்தில் சாமி கும்பிடுவோம். வெட்டப்போகும் இருபத்திரண்டு ஆண்களும் சாமிக் கல்லுக்கு முன்னால் கத்திகளை வரிசையாக வைப்பார்கள். மாயாண்டி அண்ணன் சேவலை அறுத்து எல்லாக் கத்தியிலும் ரத்தம் தெளிப்பார். முதல் நிரை வெட்டி முடிகிறவரை அதைக் கழுவக் கூடாது. அந்த வருஷம் நான்தான் சேவல் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் கணக்கப்பிள்ளையை யாரோ கழுத்தில் வெட்டித் தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளிவிட்டார்கள். விடிந்ததும் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பொலிஸ் வருகிறதென்று சேதி. நம் வீரர்கள் என்ன செய்தார்கள்? இருபத்தொரு பேரும் மலையிலிருந்து ஊற்றும் பீலித் தண்ணீருக்கு ஓடிக் கத்தியைக் கழுவினார்கள். நான் இவரிடம் கெஞ்சினேன்.

"ஏங்க, நீங்களும் கழுவிருங்களேன்."

"சாமி ரத்தத்த எதுக்குடி கழுவணும்? நான் என்ன கொலையா செஞ்சேன்?"

இரண்டு நாளுக்கு முன்பு, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளையோடு வாய்ச்சண்டை போட்டவரும் இவரே. பொலிசுக்கு வேறென்ன வேண்டும்? அள்ளிக்கொண்டு போனார்கள்.

எங்களுக்காக நீதிமன்றத்தில் பேச வந்த பிரக்கிராசி ஸுஹைர் நல்ல மனுஷர். "பெண்சாதி நீங்க சொன்னா எடுபடாது. சேவல அறுத்தவர் வந்து சொல்லணும்மா. கூட்டிட்டு வாங்க" என்றார். மாயாண்டி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அண்ணே, கோட்டுல வந்து அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லுங்க."

"நீ ஏன் கத்தியக் கழுவுனேன்னு கேப்பாங்களே தங்கச்சி. நானும் உள்ள போகவா? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"எனக்கு என்ன, நாயும் பூனையுமா இருக்கு?"

கதவைச் சாத்திக்கொண்டார். அந்த லயமே கேட்கத் திட்டினேன். ஒரு கதவும் திறக்கவில்லை. கழுவினவன் எல்லாம் யோக்கியன், கழுவாதவன் கொலைகாரன். நல்ல நியாயம்!

மறுநாள் கொழுந்து பறிக்கிற மலையில் மாயாண்டியின் பெண்சாதி மீனம்மா என் நிரைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்:

"கழுவுனா மேல உள்ளதுதான் போகும் ராக்காயி. பிடிய மாட்டுற பூணுக்குள்ள கறுப்பா காஞ்சு கெடக்கும். அங்க தண்ணி போகாது."

கவ்வாத்து முடிந்து கத்திகள் வீடுகளின் கூரைக் கம்பில் சொருகிக் கிடந்தன. மீனம்மா அவள் புருஷன் கத்தியை விறகுக் கட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். இன்னும் ஆறு பெண்கள் கொண்டுவந்தார்கள். மற்றவர்களுக்குப் பயம். ஏழு போதும் என்று சாக்கில் சுற்றிப் பிரக்கிராசியின் மேசைமேல் போட்டேன்.

"இதையும் கொழும்புக்கு அனுப்பச் சொல்லுங்கய்யா. ஏழு பேரும் சேந்து எத்தன பேரக் கொன்னாங்கன்னு பாப்போம்!"

நீதவான் அனுப்பச் சொன்னார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஏழிலும் ரத்தம். எந்தப் பிராணியின் ரத்தம் என்று சொல்ல முடியாது.

அன்றுதான் முதல் காகிதமும் முழுசாகப் பிரக்கிராசியின் கைக்குக் கிடைத்தது. அவர் அடிவரியை உரக்க வாசித்தார். அதிலும் அதே வார்த்தைதான்: எந்தப் பிராணியின் ரத்தம் என்று சொல்ல முடியாது. சார்ஜன் அந்த வரியை ஒரு நாளும் வாசிக்கவில்லை. கோழியா ஆடா மனுஷனா என்றே தெரியாத காகிதத்துக்காக என் புருஷன் ஒன்பது மாதம் மறியல் ஜெயிலில் கிடந்தார்.

அவரை விட்டார்கள். கொன்றவனை யாரும் தேடவே இல்லை.

அடுத்த கவ்வாத்துக்கு மாயாண்டி கூச்சமில்லாமல் வந்து சேவல் கேட்டார். "இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்காதீங்க" என்று விரட்டினேன். வேறு வீட்டுச் சேவலை அறுத்தார்கள். ரத்தம் தெளித்தார்கள். கும்பிட்டவர்கள் எழும்புவதற்குள் இவர் தன் கத்தியை எடுத்துக்கொண்டு பீலிக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"ஏங்க, சாமி ரத்தங்க. கழுவாதீங்க."

"சாமி வந்து சாட்சி சொல்லலியே, ராக்காயி."

பிடியைக் கழற்றி, பூணுக்குள்ளும் குச்சி விட்டுச் சுரண்டினார்.